பழைய மோட்டார் வண்டி: வாங்குவதா, விடுவதா?

பெரும் பழுதுள்ள பழைய மோட்டார் வண்டியொன்று மலிவு விலைக்கு வருகின்றது. அதனை வாங்கிச் செப்பனிட்டுக் கொள்வது தக்கதா, தகாததா? இவ்வினா நம் ஆசிரிய நண்பர் பலருக்கும் ஒரு காலத்தில் எழுவதுண்டு. பேருந்து எட்டாத தோட்டத்துப் பள்ளிக்குப் புதிதாக வேலைக்குச் செல்லும் இளைஞருக்கோ இஃது இன்னும் கூர்மையாக எழும். கையிலிருக்கும் பணம் குறைவு. வண்டியின்றிப் பள்ளி சேரவும் வழியில்லை. இந்நெருக்கடியில் உள்ளவர் அவசரத்தால் முடிவு செய்யாது, ஆராய்ந்து முடிவு செய்தற்கு உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு செயலில் இறங்குமுன் கையை விட்டுப் போவது யாது, கைக்கு வருவது யாது, நாளடைவில் அதனால் விளையும் பயன் யாது என்னும் மூன்றையும் எண்ணிப் பார்க்கச் சொல்கின்றது, திருக்குறளின் 47ஆம் அதிகாரமாகிய தெரிந்து செயல்வகை. பழைய வண்டி வாங்குவோர்க்கும் இம்மூன்றே வேண்டும். ஒவ்வொன்றாகக் காண்போம்.

நோய் எதுவென்று அறிதல்

"எஞ்சின் சூடேறிவிட்டது. கேஸ்கட் மட்டும்தான் போயிருக்கிறது. மாற்றினால் ஓடும்." விற்பவரிடம் அடிக்கடி கேட்கும் சொல் இது. இதன் பொருளை விளங்கிக்கொள்ள எஞ்சினின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

நம் நாட்டில் ஓடும் பழைய வண்டிகள் பலவற்றில் எஞ்சினின் அடிப்பகுதியாகிய பிளாக் வார்ப்பிரும்பால் ஆனது. அதன்மேல் அமரும் ஹெட் அலுமினியத்தால் ஆனது. இரண்டிற்கும் நடுவே மெல்லிய தகடு போன்று இருப்பது கேஸ்கட். எரியும் வாயு, எண்ணெய், குளிர்விக்கும் நீர் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலவாமற் காப்பது அதன் வேலை. சூடேறினால் அலுமினியம் வார்ப்பிரும்பைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்கு விரியும். எஞ்சின் நீர் 90 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும்வரை இவ்வேறுபாடு தீங்கு செய்யாது. ரேடியேட்டரிலோ குழாயிலோ நீர் ஒழுகிப் போனபின்னும் ஓட்டுநர் நிறுத்தாது ஓட்டினால், ஹெட் வளைந்துவிடும். வளைந்த ஹெட்டின் கீழ்ப் புதிய கேஸ்கட்டை வைத்தாலும் அது மீண்டும் கெடும். ஆதலின் ஹெட்டைச் சீவி மட்டம் செய்தல் வேண்டும். வெடிப்புக் கண்டிருந்தால் வேறு ஹெட்டே வேண்டும். "கேஸ்கட் போயிற்று" என்னும் ஒரே சொல் சிறு செலவையும் குறிக்கலாம். எஞ்சினையே மாற்ற வேண்டிய பெருஞ்செலவையும் குறிக்கலாம்.

வேறுபாட்டை அறியச் சில வழிகள் உண்டு. வண்டியைப் பார்க்கச் செல்லும்போது எஞ்சின் குளிர்ந்திருத்தல் நன்று. முன்மூடியைத் தொட்டுப் பார்த்துச் சூடாயிருந்தால், நாம் வருமுன் ஏன் ஓட்டினார் என்று கேட்க வேண்டும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி அடிப்புறம் பார்க்க. அங்கே பால் கலந்த தேநீர் போன்ற குழம்பு ஒட்டியிருந்தால் எண்ணெயில் நீர் கலந்திருத்தல் கூடும். காலையில் முதன்முதல் கிளப்பும்போது சிறிது வெண்ணிற ஆவி வருதல் இயல்பே; சூடான பின்னரும் வெண்புகை நில்லாது வருமாயின், நீர் எஞ்சினுள் எரிகின்றது என ஐயுறலாம். நீலப்புகை எண்ணெய் எரிவதையும், கரும்புகை பெட்ரோல் மிகுதியையும் காட்டும். தானியங்கிக் கியர் வண்டியாயின் கியர் எண்ணெயை முகர்ந்து பார்க்க. கருகிய வாடை நற்குறியன்று. சூடான ரேடியேட்டரின் மூடியை எக்காரணம் கொண்டும் திறத்தல் ஆகாது.

இவற்றுக்குப்பின் நமக்கு வேண்டிய பட்டறைக்காரர் ஒருவரை அழைத்துச் சென்று, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளவுகருவியால் அளந்து பார்க்கச் சொல்லுதல் வேண்டும். ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுமாயின் உள்ளே கேடுண்டு. இச்சோதனைக்குக் கொடுக்கும் கூலியை வீண் என்று எண்ணுவோர் பின்னர் அதனைப் பன்மடங்காகக் கொடுப்பர்.

எஞ்சினை மாற்றலாம், உடலை மாற்றல் அரிது

எஞ்சினும் கியர்பெட்டியும் கழற்றி மாற்றத்தக்கவை. ஜப்பானில் பயன்பட்ட வண்டிகளிலிருந்து வரும் 'ஆப்கட்' எஞ்சின்கள் நம் நாட்டில் விலைக்குக் கிடைக்கின்றன. ஆயினும் எஞ்சினை மாற்றினால் புதிய எண்ணைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் முறைப்படி பதிதல் வேண்டும். பதியாவிடில் பின்னர் விற்கும்போது இடர்ப்பட நேரும்.

உடற்கூடோ அத்தகையதன்று. அடிச்சட்டத்தில் துரு தின்றிருந்தால், எஞ்சின் எவ்வளவு நன்றாயினும் அவ்வண்டியை விட்டுவிடுதலே அறிவுடைமை. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியும் அவ்வாறே. 2021 டிசம்பரில் சிலாங்கூரில், சிறப்பாக ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாப் பகுதியில், எத்தனை வண்டிகள் நீரில் மூழ்கின என்பதைக் கண்டோம். அத்தகைய வண்டியைக் கழுவி மெருகிட்டால் வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. மின்கம்பிகளில் அரிப்புத் தோன்றிப் பல திங்கள் கழித்தே தொல்லை தரும். தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்க. இருக்கைப்பட்டையை முடிவுவரை இழுத்துச் சேற்றுக் கறை உண்டா என்று நோக்குக. இருக்கையின் அடித்தண்டவாளத்தில் துருவும், உள்ளே பூஞ்சை நாற்றமும் இருந்தால் அகன்று விடுக.

உறுப்புகள் எளிதிற் கிடைக்குமா என்பதும் எண்ணத்தக்கது. 1985இல் மிட்சுபிஷி லான்சர் பியோரை அடிப்படையாகக் கொண்டு வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா, 1993இல் வந்த வீரா, 1994இல் வந்த பெரோடுவா கஞ்சில் ஆகியவை பல்லாண்டு பெருந்தொகையாக விற்றவை. சிற்றூர்ப் பட்டறையிலும் அவற்றை அறிந்தவர் உண்டு. அருமையான வெளிநாட்டு வண்டி பாதி விலைக்கு வந்தாலும், அதன் ஓர் உறுப்புக்கு ஒரு திங்கள் காத்திருக்க நேருமாயின், அது தோட்டத்து ஆசிரியர்க்கு உதவாது.

தாள்களைப் பார்த்தல்

பதிவுத் தாளில் உள்ள எஞ்சின் எண்ணும் சட்ட எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருத்தல் வேண்டும். 1967ஆம் ஆண்டின் தவணைக் கொள்முதல் சட்டத்தின்கீழ் எடுத்த கடன் தீராதிருந்தால், வண்டியின்மேல் வங்கிக்கு உரிமை உண்டு. அவ்வுரிமை நீங்கிய பின்னரே பணம் கொடுத்தல் தகும். கடனைத் தீர்க்காமலே, "எஞ்சிய தவணையை நீங்கள் கட்டி வாருங்கள்" என்பாரை நம்புதல் கூடாது.

உரிமை மாற்றத்திற்குச் சோதனை உண்டு. 1994 முதல் நெடுங்காலம் புஷ்பாகோம் நிறுவனம் தனித்துச் செய்து வந்த சோதனை அது. அதில் தேறியமை வண்டி மாற்றத்திற்கு உரியது என்பதையே காட்டும். எஞ்சின் இன்னும் எத்தனை ஆண்டு ஓடும் என்பதைக் காட்டாது. இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் நலம்.

கணக்கிடும் முறை

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். பழுதுள்ள வண்டியின் விலை 3,500 வெள்ளி. பட்டறைக்காரர் கூறும் செப்பனிடு செலவு 3,000 வெள்ளி. பிரித்துப் பார்த்தபின் வெளிப்படும் பழுதுக்கென மூன்றில் ஒரு பங்கு, அதாவது 1,000 வெள்ளி, ஒதுக்குதல் வேண்டும். ஆக 7,500 வெள்ளி. அதே வகையில், அதே வயதில், நன்றாக ஓடும் வண்டி 7,000 வெள்ளிக்குக் கிடைக்கின்றது எனில், முன்னது மலிவன்று. 500 வெள்ளி கூடுதல்.

இக்கணக்கைத் திருப்பிப் போட்டால் கேட்க வேண்டிய விலையும் தெரியும். 7,000 வெள்ளியில் செலவும் ஒதுக்கீடுமாகிய 4,000 வெள்ளியைக் கழிக்க 3,000 வெள்ளி. பட்டறைக்கு அலையும் நாட்களுக்கும், தவறிப் போகும் அபாயத்திற்கும் ஈடாக மேலும் 500 வெள்ளி கழித்தால் 2,500 வெள்ளி. அதற்குமேல் கொடுத்தல் கூடாது.

பின்னர் விளையும் பயனையும் மாதக் கணக்கில் அளந்து பார்க்கலாம். 7,000 வெள்ளி செலவில் கிடைத்த வண்டி மூன்றாண்டு ஓடி, இறுதியில் 1,000 வெள்ளிக்கு விலைபோகுமாயின், 36 திங்களுக்கு 6,000 வெள்ளி. திங்களுக்கு ஏறத்தாழ 167 வெள்ளி. வழக்கமான பராமரிப்புச் செலவையும் அதனோடு கூட்டிப் புதிய சிறு வண்டியின் மாதத்தவணையுடன் ஒப்பிடுக. அத்தவணை ஒன்பது ஆண்டு வரை நீளக்கூடும் என்பதையும் நினைவிற் கொள்க. பழைய வண்டி மூன்றாண்டு ஓடாது ஓராண்டில் நின்றுவிட்டால், அதே 6,000 வெள்ளி திங்களுக்கு 500 வெள்ளி ஆகிவிடும். எத்தனை காலம் ஓடும் என்பதே இக்கணக்கின் உயிர்நாடி.

செலவழித்த பணத்தின் மயக்கம்

இவ்வளவும் எனக்கு முன்பே தெரிந்திருந்து எழுதுவன அல்ல. 1997இல், இளம் ஆசிரியனாயிருந்த காலத்தில், பதினொரு வயதான சாகா ஒன்றை வாங்கினேன். "கேஸ்கட் மட்டும்தான்" என்றார்கள். கேஸ்கட்டை மாற்றினேன், இரண்டு திங்களில் மீண்டும் போயிற்று. ஹெட் வளைந்திருந்தது. அதனைச் சீவினேன். பின்னர் ரேடியேட்டர், அதன்பின் கியர்பெட்டி. ஒவ்வொரு முறையும் "இத்தனை செலவழித்தாயிற்றே, இப்போது விட்டால் அத்தனையும் வீணாகுமே" என்று எண்ணி மேலும் செலவழித்தேன். போன பணம் விட்டாலும் திரும்பாது, தொடர்ந்தாலும் திரும்பாது என்பது அன்று என் கண்ணுக்குப் புலப்படவில்லை. இனிமேல் ஆகும் செலவு, இனிமேல் வரும் பயனுக்குத் தகுமா என்று மட்டுமே நான் கேட்டிருக்க வேண்டும்.

ஒரு நாள் பள்ளியில் கடுங்காய்ச்சல் கண்ட இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவனை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்பட்டேன். செம்பனைக் காட்டு நடுவே எஞ்சினிலிருந்து ஆவி கிளம்பி வண்டி நின்றது. முக்கால் மணி நேரம் கழித்துப் பழம் ஏற்றிய லாரி ஒன்று வந்தது; பையனை மடியில் வைத்துக்கொண்டு அதில் ஏறினேன். அவன் நலமடைந்தான். மறுவாரமே வண்டியைப் பழைய இரும்பு விலைக்கு விற்றேன். அதுகாறும் நான் வெள்ளியை மட்டுமே கணக்கிட்டு வந்தேன். என்னை நம்பி ஏறுவோரைக் கணக்கில் சேர்த்தேனில்லை.

முடிவாக

பழுது ஒன்றே, அதுவும் அளந்து அறியப்பட்டது, உடற்கூடு உறுதியானது, உறுப்புகள் எளிதிற் கிடைப்பன, செப்பனிடும் நாட்களில் பள்ளி செல்ல வேறு வழியுண்டு, பணம் கடன் வாங்கியதன்று. இவ்வைந்தும் பொருந்துமாயின் பழைய வண்டியைத் தயங்காது வாங்கலாம். புதிய வண்டிக்காக நெடுங்காலக் கடனில் சிக்குவதைவிட அது மேலானதாகவும் அமையும். பழுது பலவாகவோ, விளங்காததாகவோ இருந்து, வண்டியும் அஃது ஒன்றே என்றால் வாங்குதல் கூடாது. வேறு வண்டி கிடைக்கும்வரை உடன் பணியாற்றும் ஆசிரியரோடு பெட்ரோல் செலவைப் பகிர்ந்து செல்லலாம். அதில் இழிவொன்றும் இல்லை.

வண்டியைப் பார்க்கப் புறப்படுமுன் இரண்டு எண்களை ஒரு தாளில் எழுதுக. ஒன்று, கொடுக்கக்கூடிய உச்சவிலை. மற்றொன்று, வாங்கியபின் செப்பனிடுதற்கு ஆகும் செலவின் எல்லை. அத்தாளை வீட்டில் மனைவியிடமோ தாயாரிடமோ கொடுத்துவிட்டுச் செல்க. மெருகிட்ட வண்டியின் முன் நின்று விற்பவர் பேச்சைக் கேட்டு எண்ணை மாற்ற மனம் விழையும்போது, வீட்டிலுள்ள அத்தாள் நம்மைத் தடுத்து நிறுத்தும்.