தோளுக்கேற்ற துவக்கு
வேட்டைக்குப் புதியோரும் சிறிய உடல்வாகினரும் கவனிக்கவேண்டியவை

எமது மக்களுள் பெரும்பாலானோருக்குத் துவக்கு என்னும் சொல் இனிய நினைவு எதையும் தருவதில்லை. சோதனைச் சாவடியிலும் சுற்றிவளைப்பிலும் கண்ட துவக்கை மறப்பதற்காகவே பலர் கடல் கடந்து வந்தனர். ஆயினும் போருக்கு முந்திய வன்னியில் வேறொரு துவக்கும் இருந்தது. விளைந்த நெல்லைக் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பதற்காகக் காவற்குடிலில் சாத்திவைக்கப்பட்டிருந்த இடியன் துவக்கு அது. மரை வற்றலின் சுவையை அறிந்த முதியோர் ரொறன்ரோவில் இன்றும் உளர்.

கனடாவின் நாட்டுப்புறங்களில் றைபிள் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. இலையுதிர் காலம் வந்ததும் மானையும் மூஸையும் தேடிக் காட்டுக்குச் செல்வது இங்கு நெடுநாள் வழக்கம். குளிர்காலம் முழுவதற்கும் வேண்டிய இறைச்சியை அவ்வாறே தேடிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. இங்கு வளர்ந்த எம் பிள்ளைகளுக்கும், வேலைத்தலத்து நண்பர்களின் அழைப்பை ஏற்போருக்கும் இந்த ஆவல் ஏற்படுவது இயல்பே. அவ்வாறு விரும்புபவர் ஐந்தடி உயரமும் நூற்றுப்பத்து இறாத்தல் நிறையும் கொண்ட ஓர் இளம்பெண்ணாகவோ, மெலிந்த ஆணாகவோ இருப்பின் எத்தகைய றைபிளை வாங்கவேண்டும்? தாங்கக்கூடியவற்றுள் மிகப் பெரியதை வாங்குவது தவறு. அஞ்சாமற் சுடக்கூடியதை வாங்குவதே சரி. இக்கட்டுரையின் சாரம் இதுவே.

முதலில் அனுமதிப்பத்திரம்

1989 டிசம்பர் 6ஆம் திகதி மொன்றியலின் பொலிரெக்னிக் பொறியியற் கல்லூரியில் 14 பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். இந்நாட்டின் இன்றைய துவக்குச் சட்டங்கள் அந்தத் துயரத்தின் பின்னர் உருவானவை. 1995இல் நிறைவேறிய சட்டம் 1998 டிசம்பர் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. சாதாரண வேட்டைத் துவக்குகளைப் பதிவு செய்யும் முறை 2012இல் நீக்கப்பட்டது. ஆனால் துவக்கை வைத்திருப்பவருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்னும் விதி நீக்கப்படவில்லை. இவ்விரண்டையும் சிலர் ஒன்றாக எண்ணிக் குழம்புவதுண்டு.

பதினெட்டு வயது நிறைந்தவர் துவக்குப் பாதுகாப்புப் பாடநெறியைப் பயின்று, எழுத்துப் பரீட்சையிலும் செய்முறைப் பரீட்சையிலும் 80 சதவீதப் புள்ளிகளேனும் பெறவேண்டும். விண்ணப்பத்தின்போது கடந்தகாலம் ஆராயப்படும். கணவன் அல்லது மனைவியின் கையொப்பம் கேட்கப்படும். அது கிடைக்காவிடின் அவருக்கு அறிவித்தல் செல்லும். முதன்முறை விண்ணப்பிப்போர் குறைந்தது 28 நாட்கள் காத்திருக்கவேண்டும். பத்திரம் ஐந்தாண்டுகளுக்குச் செல்லுபடியாகும். வேட்டையாடுவதற்கு ஒன்ராறியோ மாகாணத்தின் வேட்டைப் பயிற்சியில் வேறாகத் தேறி, அவுட்டோர்ஸ் கார்ட் எனப்படும் அட்டையையும் அந்தந்த விலங்குக்குரிய அனுமதியையும் பெறுதல் வேண்டும்.

அகதிக் கோரிக்கை நிலுவையிலுள்ளோரும் நிரந்தர வதிவிடம் மட்டும் பெற்றோரும் மேலும் கவனமாயிருத்தல் வேண்டும். அனுமதியின்றித் துவக்கு வைத்திருப்பது குற்றவியற் குற்றம். அதில் ஏற்படும் தீர்ப்பு குடிவரவு வழக்கையும் பாதிக்கக்கூடும். நண்பர் ஒருவர் தமது துவக்கைச் சில நாட்கள் வைத்திருக்கும்படி தந்தாலும், அனுமதிப்பத்திரம் இல்லாதவர் அதனை வீட்டிற்குள் ஏற்கலாகாது. ஐயமுள்ளோர் முதலில் தமது சட்டத்தரணியிடம் கேட்டறிவது நன்று.

துவக்கு ஏன் உதைக்கிறது?

பள்ளியில் விஞ்ஞானம் படித்தோர் உந்தக் காப்பு விதியை மறந்திருக்கமாட்டார்கள். சன்னம் முன்னே பாயும்போது துவக்கு பின்னே வருகிறது. சன்னத்தின் நிறை, அதன் வேகம், எரியும் மருந்தின் அளவு ஆகியவை கூடக்கூட உதைப்பும் கூடும். துவக்கின் நிறை கூடினால் உதைப்புக் குறையும். 8 இறாத்தல் நிறையுள்ள றைபிளை விட்டு, அதே ரவைக்குரிய 6 இறாத்தல் றைபிளை எடுத்தால் உதைப்பின் சக்தி மூன்றிலொரு பங்கு அதிகரிக்கும். மெலிந்தவருக்குப் பாரமற்ற துவக்கே ஏற்றது எனக் கடைக்காரர் சொல்லும்போது இதனை மனத்திற் கொள்ளவேண்டும். தூக்குவதற்கு இலகுவானது தோளுக்கும் இலகுவாயிருக்கும் என்பதில்லை.

தோளில் ஏற்படும் கண்டல் இரண்டு நாளில் மாறிவிடும். மனத்தில் ஏற்படும் அச்சம் அவ்வாறு மாறுவதில்லை. ஒருமுறை பலமாக உதை வாங்கியவர், அடுத்த முறை விசையை அழுத்துவதற்குச் சற்று முன்னரே கண்ணை மூடி உடலைச் சுருக்கிக்கொள்கிறார். அக்கணத்தில் குழல் அசைகிறது. நெஞ்சிற் பட்டிருக்கவேண்டிய சன்னம் வயிற்றிலோ காலிலோ படுகிறது. அந்த மான் உடனே விழுவதில்லை. காட்டுக்குள் ஓடி மறைந்து நெடுநேரம் துன்புற்றுச் சாகிறது. வேட்டைக்காரருக்கு இறைச்சியும் இல்லை. உதைப்புக் குறைந்த றைபிளைத் தேடுவது கோழைத்தனம் என்று நகைப்போர் இதனைச் சிந்திக்கவேண்டும்.

பெல்லா ருவினின் சிறு துவக்கு

இந்நாட்டு வேட்டை வரலாற்றில் ஒரு பெண்ணின் பெயர் நிலைத்திருக்கிறது. கிறீ பழங்குடியைச் சேர்ந்த பெல்லா ருவின் அறுபது வயதைக் கடந்தவர். பொறி வைத்து விலங்கு பிடிப்பதில் நீண்ட அனுபவம் உள்ளவர். 1953 மே மாதம் அல்பேர்ட்டாவின் ஸ்லேவ் லேக் பகுதியில் பெரும் கிறிஸ்லி கரடியொன்று அவரை நெருங்கியது. அவர் கையிலிருந்தது ஒரு தடவைக்கு ஒரு ரவை மட்டும் இடக்கூடிய .22 கூயி றைபிள். அணிலுக்கும் முயலுக்கும் உரிய துவக்கு அது. கரடியின் தலைப் பக்கத்தைக் குறிவைத்து அதனை அவர் வீழ்த்தினார். அக்காலத்தில் அது உலகிலேயே மிகப் பெரிய கிறிஸ்லியாகக் கணிக்கப்பட்டது. அந்தத் துவக்கைச் செய்த கூயி நிறுவனம் 1903இல் எமது ரொறன்ரோவில் தொடங்கிப் பின்னர் கோபேர்க் நகருக்கு மாறியதாகும்.

இக்கதையை எவரும் முன்மாதிரியாகக் கொள்ளலாகாது. அவர் உயிருக்கு அஞ்சிய நிலையில் சுட்டவர். .22 போன்ற ரவைகளைக் கொண்டு மான், மூஸ், கரடி ஆகியவற்றை வேட்டையாடுவதை ஒன்ராறியோவின் விதிகள் தடைசெய்கின்றன. ஆயினும் சன்னத்தின் பருமனிலும் பார்க்க அது படும் இடமே முக்கியம் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

எந்த ரவை?

மான் வேட்டைக்குப் புதியவருக்கு நெடுங்காலமாகப் பரிந்துரைக்கப்படுவது 1955இல் வெளிவந்த .243 வின்செஸ்ரர். ஏழரை இறாத்தல் றைபிளில் அதன் உதைப்பு ஏறத்தாழ 9 அடி-இறாத்தல். அமெரிக்க இராணுவத்துக்காக 1906இல் உருவான .30-06, எட்டு இறாத்தல் றைபிளிலேயே ஏறத்தாழ 20 அடி-இறாத்தல் உதைப்பைத் தரும். 15க்கு மேற்பட்டால் புதியவர்கள் பலருக்குத் தொல்லையாயிருக்கும் எனக் கொள்ளலாம். மானை மட்டும் நாடுபவருக்கு நூறு கிரெயின் சன்னத்துடன் .243 போதுமானது.

எதிர்காலத்தில் மூஸையும் நாட எண்ணுவோர் 1980இல் வந்த 7 மி.மீ.-08 றெமிங்ரனையோ, 2007இல் வந்த 6.5 கிறீட்மோரையோ கருதலாம். எட்டு இறாத்தல் றைபிளில் இரண்டும் 12, 13 அடி-இறாத்தல் அளவிலேயே உதைக்கும். நோர்வேயிலும் சுவீடனிலும் 1894ஆம் ஆண்டளவில் இராணுவத்துக்கென ஏற்கப்பட்ட 6.5×55 என்னும் மென்மையான ரவையினால் பல தலைமுறையாக மூஸ் வேட்டை நடைபெறுகிறது. குமாவோன் மலைகளின் ஆட்கொல்லிப் புலிகளைக் கொன்ற ஜிம் கோர்பெற், 1907இல் சம்பாவத் பெண்புலியைக் கொன்றமைக்காகப் பரிசாகப் பெற்ற .275 றிக்பியும் இவ்வகையானதே. இன்றைய 7 மி.மீ.-08 ஏறத்தாழ அதே வலுவுடையது.

இலங்கைப் பொலிஸாரின் கைகளிற் கண்ட பழைய .303 லீ-என்பீல்ட் இந்நாட்டிற் பழைய பொருளாக விற்பனைக்கு வருவதுண்டு. நல்ல றைபிள்தான், ஆனால் அதன் உலோக அடிப்பாகம் சிறிய தோளுக்கு உகந்ததன்று. மலிவு என்பதற்காக மட்டும் அதனை வாங்கவேண்டா.

உடலுக்குப் பொருந்துமா?

சட்டையைப் போலவே துவக்கும் அளவுக்குப் பொருந்தவேண்டும். அடிப்பாகத்திலிருந்து விசை வரையுள்ள நீளம் சாதாரண றைபிளில் 13½ அங்குலம் அளவில் இருக்கும். சிறிய உடல்வாகினருக்கு 12 முதல் 13 அங்குலமே பொருந்தும். இளையோருக்கென்றும் பெண்களுக்கென்றும் செய்யப்படும் குறுகிய றைபிள்கள் உண்டு. கட்டையை வெட்டிக் குறைப்பதும் இயலும். துவக்கின் அடியை முழங்கையின் உட்புறத்தில் வைத்துக் கையை மடக்கிப் பார்க்கவேண்டும். சுட்டுவிரல் விசையை எட்டிச் சிரமமின்றி அமர்ந்தால் அளவு பெரும்பாலும் சரி. நவம்பர்க் குளிரில் தடித்த மேலங்கி அணிந்தே சுடவேண்டியிருக்குமாதலால் அதனை அணிந்துகொண்டே சோதிப்பது நன்று.

நீளம் கூடிய துவக்கில் தலையை முன்னே நீட்ட நேரும். அப்போது தொலைநோக்கி உதைப்புடன் வந்து புருவத்தைப் பிளந்துவிடும். கண்ணுக்கும் அதற்கும் மூன்றரை அங்குல இடைவெளியேனும் இருக்குமாறு பொருத்தச் சொல்லவேண்டும். அடிப்பாகத்தில் நல்ல இறப்பர் மெத்தை இருப்பது அவசியம். குழல் முனையிற் பொருத்தும் உதைப்புக் குறைப்பான் பயன் தரும். ஆனால் ஓசையைப் பலமடங்காக்கும். ஓசையும் அச்சத்தை உண்டாக்குவதால் செவிக் காப்பின்றி ஒரு வெடியேனும் வைக்கலாகாது.

பழகும் முறை

வாங்குவதற்கு முன் சுட்டுப் பார்ப்பதே சிறந்தது. பத்திரம் உள்ளவரின் நேரடிக் கண்காணிப்பில் பத்திரமில்லாதவரும் அவரது துவக்கைச் சுடுவதற்குச் சட்டம் இடமளிக்கிறது. முதலில் .22இல் நூற்றுக்கணக்கான ரவைகளைச் சுட்டுப் பழகி, அதன் பின்னரே பெரிய றைபிளை எடுக்கவேண்டும். ஒரு நாளில் பதினைந்து, இருபது வெடிகளுடன் நிறுத்திக்கொள்வது புத்தி. நோர்வேயில் பெருவிலங்கு வேட்டைக்குச் செல்வோர் ஆண்டுதோறும் 100 மீற்றர் தூரத்தில் ஐந்து வெடிகளைச் சரியாக வைத்துக் காட்டவேண்டும். ஒன்ராறியோவில் அத்தகைய கட்டாயம் இல்லாவிடினும், அச்சோதனையை எவரும் தமக்குத் தாமே வைத்துக்கொள்ளலாம்.

எங்கே செல்வது என்பதையும் துவக்கு வாங்குமுன் தீர்மானிக்கவேண்டும். ஒன்ராறியோவின் தென்மேற்குப் பகுதிகள் பலவற்றில் மான் வேட்டைக்கு றைபிளுக்கு அனுமதியில்லை, சொட்கனே பயன்படுத்தலாம். சில கவுண்டிகளில் றைபிளின் குழல் விட்டத்துக்கே வரம்பு உண்டு. 12ஆம் இலக்கச் சொட்கனின் ஒற்றைச் சன்னம் .30-06ஐ விடவும் கடுமையாக உதைக்கும். ஆகையால் அங்கு செல்லும் சிறிய உடல்வாகினர் 20ஆம் இலக்கத்தை நாடுவது நன்று. மாகாண அரசு ஆண்டுதோறும் வெளியிடும் வேட்டை விதிகளைப் படியாது புறப்படலாகாது. துவக்கு வேட்டைக் காலத்தில் செம்மஞ்சள் நிற மேலுடையும் தொப்பியும் கட்டாயம்.

இறுதியாக வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. துவக்கு எப்போதும் ரவை நீக்கியதாய், பூட்டிடப்பட்டதாய் இருக்கவேண்டும். ரவைகளை வேறிடத்திற் பூட்டி வைக்கவேண்டும். ஒரே அறையிற் பிள்ளைகளும் விருந்தினரும் படுத்துறங்கும் எமது தொடர்மாடிக் குடும்பங்களில் இதற்கு வசதியில்லையெனில், வசதி ஏற்படும்வரை துவக்கு வாங்காதிருப்பதே நலம். துவக்கின் கொடுமையை எம்மைவிட அறிந்த சமூகங்கள் சிலவே. அதனை வேட்டைக் கருவியாக மட்டும் கையிலெடுக்க விரும்பும் எம் பிள்ளைகளுக்கு அக்கருவி தோளுக்குப் பொருந்தியதாகவும், சட்டத்துக்கு அமைந்ததாகவும், அவர்தம் கட்டுப்பாட்டை விட்டு விலகாததாகவும் இருப்பதை உறுதி செய்வது பெற்றோரின் கடமையாகும்.