வாந்திபேதியில் சரீரத்தின் நீர் வற்றுதலும் உடனே செய்யற்பாலதும்

2019-இல் தனி ஜில்லாவான கள்ளக்குறிச்சியிலும், அதன் மேற்கேயுள்ள கல்வராயன் மலைக் கிராமங்களிலும், மழை தொடங்கியதும் ஊற்று, ஓடை, கிணறுகளில் அசுத்த ஜலம் கலப்பதுண்டு. வாந்திபேதி காணும் பருவம் அதுவே. இந்நோயில் மனிதர் மாள்வது பெரும்பாலும் பேதியினாலன்று. பேதியோடு வெளிப்பட்ட நீரும் உப்பும் மீண்டும் உட்சேராமையினாலேயே.

ஏரி வற்றுங் காலத்தில் குடியானவன் கடைமடையை அடைத்து நாற்றங்காலை மட்டும் காப்பாற்றுகிறான். சரீரமும் அவ்வாறே செய்கிறது. இரத்தத்தின் அளவு குறைந்தவுடன் தோலுக்கும் கைகால்களுக்கும் செல்லும் ஓட்டத்தைச் சுருக்கி, இருதயத்துக்கும் மூளைக்கும் அனுப்புகிறது. ஆதலால் கைகால்கள் சில்லிடும்; நாடி விரைந்தும் மெலிந்தும் ஓடும்; சிறுநீர் இறங்காது. டாக்டர்கள் 'ஷாக்' என்று கூறுவது இந்நிலையையே. பயத்தினால் உண்டாகும் அதிர்ச்சியையன்று. உடம்பு குளிர்ந்ததைக் கண்டு ஜுரம் விட்டதென்று வீட்டார் மகிழ்வது பெரும் பிழை.

அதனினும் பெரிய பிழை, பேதி நிற்கட்டுமென்று வயிற்றைக் காயப்போடுதல். பேதியாகும்போதும் குடலானது சர்க்கரையையும் உப்பையும் சேர்த்து உறிஞ்சும். அவற்றின் பின்னே நீரும் செல்லும். 1971-இல் வங்காளத்து எல்லையிலுள்ள போன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் ஸலைன் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, சர்க்கரைக் கரைசலைப் பீப்பாய்களில் வைத்து, நோயாளிகளின் உறவினரைக் கொண்டே புகட்டச் செய்தார். நூற்றுக்குச் சுமார் 30 பேர் மாண்டுவந்த நிலை மாறி, மரணம் 4-க்கும் குறைந்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும் 1 லிட்டர் சுத்த ஜலத்தில் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், பாதி ஜலம் என்று கண்ணளவாகச் செய்தல் கூடாது. பொட்டலம் இல்லையெனில், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் ஜலத்தில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். உப்பு மிகுந்தால் குழந்தைகளுக்குக் கேடு. ஒவ்வொரு பேதிக்குப் பின்னும் 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி லிட்டரும், 10 வயது வரை 100 முதல் 200-உம், பெரியோர்க்கு வேண்டுமளவும் கொடுக்கலாம். வாந்தியெடுத்தால் 10 நிமிஷம் பொறுத்துக் கரண்டி கரண்டியாகப் புகட்டுக. தாய்ப்பாலை நிறுத்தலாகாது. உப்பிட்ட நொய்க்கஞ்சியும் நல்லதே.

கண் குழிந்து, கிள்ளிய தோல் மெல்லவே படிந்து, நோயாளி குடிக்க இயலாமலோ நினைவு தப்பியோ கிடந்தால் வீட்டு வைத்தியத்தின் எல்லை முடிந்தது. வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108 வண்டியை அழைக்க வேண்டும். அங்கே தேவைப்படும் நீர் சிறிதன்று: 50 கிலோ எடையுள்ளவருக்கு முதல் அரைமணியில் ஒன்றரை லிட்டரும், அடுத்த இரண்டரை மணியில் மூன்றரை லிட்டரும் நரம்பு வழியே ஏற்றுவர். மலையூர்க்காரர் வளைவு மிக்க பாதையில் கீழே இறங்க வேண்டியிருத்தலால், நோயாளி குடிக்கக்கூடிய நிலையிலிருக்கும்போதே புறப்படுதலும், வழிநெடுகக் கரைசலைப் புகட்டிக்கொண்டே வருதலும் உத்தமம். அரிவாள் வெட்டினால் இரத்தம் போனாலும் ஷாக் வரும். ஆனால் அங்கே காயத்தைத் துணியால் இறுக அழுத்துவதே முதல் வேலை.

கிராம உத்தியோகஸ்தர்கள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெதனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கு மேற்பட்டோர் இறந்தனர். அதிலும் வயிற்றுவலியும் வாந்தியும் உண்டு. மேலோட்டமாகப் பார்ப்போர் பேதியென்றே எண்ணக்கூடும். கண் மங்கலும் மூச்சிரைப்பும் அவ்விஷத்தின் குறிகள். மெதனால் உள்ளே ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுக்கும். அதற்கு மாற்று மருந்தும் டயாலிஸிஸும் பெரிய ஆஸ்பத்திரியிலேயே உண்டு. உப்புக் கரைசல் பயன்படாது. ஒரே தெருவில் பலர் ஒருங்கே விழுந்தால், பேதியென்று எழுதுமுன் என்ன குடித்தார்கள் என்று விசாரித்து அன்றே தெரிவிக்க வேண்டும். குடித்தவர் தண்டனைக்கு அஞ்சி மறைப்பரேல், அச்சத்தைப் போக்கிக் கேட்டறிதல் வேண்டும்.

இளங்கன்றுகளின் கழிச்சலிலும் உயிர் போவது நீர் வற்றுதலாலேயே. அவற்றுக்குரிய கரைசலைக் கால்நடை மருந்தகத்தில் அளவு கேட்டு வாங்கி, பாலூட்டும் வேளைகளுக்கு இடையே கொடுக்கலாம்.