ஜெராக்ஸ் வேண்டாம், நீங்களே ஸ்கேன் செய்யுங்கள்

வல்லத்தில் (தஞ்சாவூர் வல்லம் அல்ல, செஞ்சிப் பக்கத்து வல்லம்) இருந்துகொண்டு செஞ்சிக் கோட்டையின் வரலாற்றைத் தோண்டப் போகிறவர் முதலில் தேடுவது இரண்டு ஆங்கில நூல்களைத்தான். ஒன்று, சி. எஸ். சீனிவாசாச்சாரி எழுதி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943இல் வெளியிட்டது. மற்றது, 1906இல் டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த தென்னாற்காடு மாவட்ட கெஸட்டியர். பழைய அச்சுப் பிரதி பெரிய நூலகம் ஒன்றில் கிடைத்தாலும், "வீட்டுக்குத் தர மாட்டோம், இங்கேயே உட்கார்ந்து பாருங்க" என்பார்கள். நாற்பது பக்கம் வேண்டுமென்றால் பொழுது சாயும்வரை கையால் எழுத வேண்டும், அல்லது ஜெராக்ஸ் எடுக்க வேண்டும்.

ஜெராக்ஸில்தான் வில்லங்கம். புத்தகத்தைக் குப்புறப் போட்டு, பக்கம் கண்ணாடியில் படியும்படி முதுகை அமுக்கினால்தான் நடு மடிப்பில் இருக்கும் வரிகள் விழும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி வெகுகாலம் மரக்கூழ்த் தாளில் அச்சிட்ட நூல்களில் அமிலம் இருப்பதால் தாள் பழுத்து மொறுமொறுத்துக் கிடக்கும். நாலு பேர் ஜெராக்ஸ் எடுத்தால் ஐந்தாவது ஆளுக்குக் கையில் வருவது உதிரித்தாள்.

வாசகரே இயக்கும் ஸ்கேனரை நூலகங்கள் வாங்கத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த ஸ்கேனரில் புத்தகம் மல்லாந்து கிடக்கிறது, கேமரா மேலே இருக்கிறது. நல்ல கருவியில் புத்தகத்தைத் தாங்கும் பலகை இரண்டாகப் பிரிந்து ஆங்கில 'வி' வடிவில் சாய்ந்து நிற்கும். முழுதாக விரிய மறுக்கும் பழைய பைண்டிங்கை அது வற்புறுத்தாது. பக்கத்தைத் திருப்பி, பொத்தானை அழுத்தினால் அல்லது காலால் மிதித்தால் படம் விழும். தாளின் வளைவைச் சமன் செய்வதும் ஓரத்தில் பட்ட விரலை அழிப்பதும் மென்பொருளின் வேலை. முடிந்ததும் பென் டிரைவிலோ மின்னஞ்சலிலோ பிடிஎஃப் ஆக எடுத்துக்கொள்ளலாம். சாதாரண அச்செழுத்துக்கு 300 டிபிஐ போதும். அமெரிக்க, ஐரோப்பியப் பல்கலைக்கழக நூலகங்கள் பலவற்றில் ஜெராக்ஸ் மெஷின் நின்ற மூலையில் இப்போது இது நிற்கிறது. தாள் இல்லை, டோனர் இல்லை, சில்லறை வாங்க ஓர் ஊழியர் தேவையில்லை.

தமிழ்நாட்டில் நூல்களைப் படமெடுக்கும் பழக்கம் புதிதல்ல. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பை வைத்து 1994இல் உருவான சென்னை நூலகம் மைக்ரோபிலிமில் தொடங்கிப் பிறகு டிஜிட்டலுக்கு வந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்னூலகம் நடத்துகிறது. ஈழத்து நூல்களுக்கு 2005 முதல் நூலகம் நிறுவனம் இருக்கிறது. ஆனால் இங்கெல்லாம் எந்த நூல் முதலில் என்று முடிவு செய்வது நிறுவனம், ஸ்கேன் செய்வது பயிற்சி பெற்றவர்கள். வாசகர் தனக்கு வேண்டிய பக்கங்களைத் தானே எடுத்துக்கொள்வது வேறு வகை. பாதுகாப்புப் பணிக்கு அது மாற்றாகாது.

தமிழ் நூலை ஸ்கேன் செய்வதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள் இன்றைய அச்சை ஓரளவு சரியாகவே படிக்கிறது. சிக்கல் பழைய அச்சில்தான். எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு ஏற்றது 1978இல். அதற்கு முந்தைய நூல்களில் ணை, லை, றா, னா போன்றவை பழைய உருவத்தில் இருக்கும். யானைத் தும்பிக்கை போல வளைந்த அந்த ஐகாரத்தைக் கண்டதும் மென்பொருள் உளறக்கூடும். அதனால் படத்தைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பிரதியை மட்டும் நம்பி மேற்கோள் காட்ட வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சொந்தப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவில் பிரதி எடுப்பதை அனுமதிக்கிறது. 'இத்தனை சதவீதம்' என்ற கணக்கு அதில் இல்லை. ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்த நூலென்றால் பொதுவாக உரிமைச் சிக்கலே கிடையாது. நாட்டுடைமையான நூல்களுக்கும் கவலை வேண்டாம். நேற்று வந்த போட்டித் தேர்வு வழிகாட்டியை அட்டை முதல் அட்டை வரை எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது வேறு கதை. நூலகத்துக்கும் ஒரு சலுகை உண்டு: தன்னிடம் அச்சுப் பிரதி இருக்கும் நூலைப் பாதுகாப்புக்காக டிஜிட்டலாகச் சேமித்துவைக்க 2012 திருத்தம் வழிவிடுகிறது.

வாங்கும் நூலகங்கள் சறுக்குவது பெரும்பாலும் மெஷினில் அல்ல, அதற்குப் பிறகு. பெரிய ஸ்கேனரின் விலை லட்சங்களில். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் (ஏ.எம்.சி.) போடாமல் விட்டால், உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு வரும் முதல் பழுதோடு அதன் மேல் துணி போர்த்தப்படும். ஜன்னலோரம் வைத்தால் வழவழப்பான தாளில் வெளிச்சம் பட்டுப் படத்தில் எழுத்து மறையும். ஒருவர் எடுத்த பக்கங்கள் அடுத்தவர் திரையில் தெரியாதபடி தானாக அழியும் வசதி இருக்கிறதா என்று டெண்டரிலேயே கேட்க வேண்டும். கட்டணம் எவ்வளவு, எந்த நூலுக்கு அனுமதி இல்லை என்பதைச் சுவரில் எழுதி ஒட்டாவிட்டால் தினமும் வாக்குவாதம்தான்.

ஊர்ப்புற நூலகத்துக்கு இத்தனை பெரிய மெஷின் எதற்கு என்பது என் எண்ணம். விளக்குத்தண்டு உயரத்தில் கேமராவும் கீழே கறுப்பு விரிப்பும் உள்ள சிறிய கருவி சில பத்தாயிரம் ரூபாயில் கிடைக்கிறது. அதுவும் முடியாதென்றால் போனைப் பிடிக்க ஒரு ஸ்டாண்டு, இரு பக்கமும் விளக்கு, புத்தகத்தைச் சாய்த்துவைக்க இரண்டு தலையணை போதும். லண்டன் பிரிட்டிஷ் நூலகமே 2015 முதல் வாசகர்களைத் தங்கள் போனில் படமெடுக்க விடுகிறது. பிளாஷ் மட்டும் கூடாது.

இன்னொன்று. செஞ்சி வட்டாரத்தின் பழைய எழுத்தெல்லாம் காகிதத்தில் இல்லை. மேல்சித்தாமூர் சமண மடத்தில் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. சுவடியை இந்தக் கருவிகளில் வாசகரே எடுப்பது ஆகாது. அதைத் துடைத்து, எண்ணெய் தடவி, ஓலை ஓலையாகப் படமெடுக்கத் தெரிந்தவர்தான் தொட வேண்டும்.