ஆப்பிள் சாகுபடி: 2025-ஆம் ஆண்டின் படிப்பினைகளும் எதிர்கால வாய்ப்புகளும்

இமயமலைப் பகுதியில் வாழும் லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு ஆப்பிளே வாழ்வாதாரம். பிள்ளைகளின் கல்விச் செலவு, குளிர்காலத்துக்குச் சேமிக்கும் உணவுப் பொருள்கள், கடன் தவணை ஆகிய அனைத்தும் ஆண்டுக்கு ஒரு முறை கிட்டும் அறுவடை வருவாயையே சார்ந்துள்ளன. இத்தகைய நிலையில், நன்கு விளைந்த கனி சந்தையைச் சென்றடையாமற் போவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை 2025-ஆம் ஆண்டு தெளிவாக உணர்த்தியது.

உற்பத்தி நிலை

நமது நாட்டின் ஆப்பிள் உற்பத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஜம்மு-காஷ்மீரிலிருந்தும் இமாசலப் பிரதேசத்திலிருந்தும் கிடைக்கிறது. ஜம்மு-காஷ்மீர் ஆண்டுதோறும் ஏறத்தாழ 20 லட்சம் டன் விளைவிக்கிறது. இமாசலப் பிரதேசத்தின் உற்பத்தி பருவநிலைக்கேற்ப மிகவும் ஏறி இறங்கும் தன்மையுடையது. 1916-ஆம் ஆண்டில் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் சிம்லா மலைப்பகுதியிலுள்ள கோட்கட் வட்டாரத்தில் 'ரெட் டெலிசியஸ்' வகையைப் பயிரிட்டதிலிருந்து அம்மாநிலத்தில் வணிக ரீதியான சாகுபடி வளர்ச்சி பெற்றது. உத்தரகண்ட், அருணாசலப் பிரதேசம் ஆகிய மாநிலங்களிலும் ஓரளவு ஆப்பிள் விளைகிறது.

2025-இல் நேர்ந்தது

2025 ஆகஸ்ட் இறுதியில் பெய்த கனமழையால் உதம்பூர் அருகே மலைச்சரிவு ஏற்பட்டு, ஜம்மு-ஸ்ரீநகர் தேசிய நெடுஞ்சாலை பெரிதும் சேதமுற்றது. கனரக வாகனப் போக்குவரத்து இரு வாரங்களுக்கும் மேலாகப் பாதிக்கப்பட்டது. ஆப்பிளும் பேரிக்காயும் ஏற்றிய ஆயிரக்கணக்கான லாரிகள் வழியிலேயே நின்றன, பழங்கள் அழுகின. ஷோபியானையும் பூஞ்சையும் இணைக்கும் முகல் சாலை ஓரளவு கைகொடுத்தபோதிலும், அது நெடுஞ்சாலைக்கு ஈடாகவில்லை. அதே காலத்தில் இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்று வெள்ளத்தால் குலு-மணாலி சாலை பல இடங்களில் அடித்துச் செல்லப்பட்டது. அங்கும் தோட்டத்திலிருந்து மண்டிக்குப் பழத்தைக் கொண்டுசெல்ல இயலாமல் விவசாயிகள் தவித்தனர்.

இந்நெருக்கடியில் ரயில்வே துறை எடுத்த நடவடிக்கை குறிப்பிடத்தக்கது. 2025 ஜூன் 6 அன்று செனாப் பாலம் திறந்துவைக்கப்பட்டதால், காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு நாட்டின் ரயில் பாதையுடன் இணைந்திருந்தது. செப்டம்பர் மாத நடுவில் பட்காமிலிருந்து தில்லி ஆதர்ஷ் நகருக்கு அன்றாடப் பார்சல் ரயில் தொடங்கப்பட்டது. எனினும், தேவையின் அளவை எண்ணிப் பார்க்க வேண்டும். காஷ்மீர் விளைச்சலில் பாதியை இரு மாதங்களில் வெளியே அனுப்புவதானால், நாளொன்றுக்கு 16,000 டன்னுக்கு மேல் நகர வேண்டும். ஒரு பார்சல் பெட்டி ஏறத்தாழ 23 டன் சுமக்கும் எனக் கொண்டால், நாள்தோறும் 700 பெட்டிகளுக்கு மேல் தேவைப்படும். எனவே, ரயில் சிறந்த துணை வழியாக அமையுமேயன்றி, சாலையின் தேவையை இப்போதைக்கு நீக்கிவிடாது.

இழப்பைச் சுமப்பவர் யார்?

மருந்து, உரம், பெட்டி ஆகியவற்றுக்காகப் பல விவசாயிகள் கமிஷன் மண்டி வியாபாரிகளிடம் முன்பணம் பெறுகின்றனர். அதனால் பழத்தை அவர்கள் மூலமே விற்க வேண்டியுள்ளது. போக்குவரத்து தடைப்பட்டால் பழம் கெடுகிறது. தடை நீங்கியதும் தேங்கிய சரக்கு ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்து விலையைச் சரிக்கிறது. இவ்விரு வகை இழப்பும் விவசாயியையே சேர்கின்றன.

பெட்டியின் அளவுகூட வருவாயைப் பாதிக்கக்கூடியது. இமாசலப் பிரதேசத்தில் முன்னர்ப் பயன்பட்ட அட்டைப் பெட்டியில் 30 கிலோ வரை பழம் அடைக்கப்பட்டதுண்டு. விலையோ பெட்டிக் கணக்கில் பேசப்பட்டது. 2024-ஆம் ஆண்டில் ஒரே சீரான அளவுடைய பெட்டி நடைமுறைக்கு வந்ததும் இந்தக் குறை பெரிதும் நீங்கியது. தரம் குறைந்த பழத்தைச் சந்தைத் தலையீட்டுத் திட்டத்தின் கீழ் கிலோ 12 ரூபாய் விலையில் அம்மாநில அரசு கொள்முதல் செய்து வந்துள்ளது.

கிடங்குகளின் இன்றியமையாமை

பறித்த பின்னும் ஆப்பிள் சுவாசிக்கிறது. அதனால் பழுத்து மென்மையடைகிறது. வளிமண்டலம் கட்டுப்படுத்தப்பட்ட கிடங்கில் வெப்பநிலையைச் சுழியம் பாகைக்கு அருகிலும், ஆக்சிஜனை 2 முதல் 3 விழுக்காட்டளவிலும் வைத்துச் சுவாசத்தைத் தணிக்கிறார்கள். இம்முறையில் பழம் ஆறு மாதங்களுக்கு மேலும் கெடாதிருக்கும். அக்டோபரில் பறித்ததை மார்ச்சில் நல்ல விலைக்கு விற்கலாம். சாலை அடைபட்டாலும் காத்திருக்கலாம். புல்வாமா மாவட்டத்தின் லாசிபோராவில் இத்தகைய கிடங்குகள் பல அமைந்துள்ளன. ஆயினும், காஷ்மீரின் மொத்த விளைச்சலில் ஒரு சிறு பகுதிக்கே இவ்வசதி உண்டு. சிறு விவசாயிகள் கூட்டுறவு முறையில் இடம்பெற வழி செய்தாலன்றி, இதன் பயன் பெரும்பாலும் வியாபாரிகளுக்கே சேரும்.

அடர்நடவு முறை

பழைய தோட்டங்களில் ஒரு ஹெக்டேரில் ஏறத்தாழ 300 மரங்களே இருக்கும். அவை பலன் தர எட்டு ஆண்டுகள் வரை ஆகும். எம்-9 போன்ற குட்டை வேர்ச்செடிகளில் ஒட்டுக் கட்டிய கன்றுகளை ஹெக்டேருக்கு 2,000-க்கும் அதிகமாக நடலாம். இரண்டு மூன்று ஆண்டுகளில் அவை காய்க்கத் தொடங்கும். ஜம்மு-காஷ்மீரில் இப்போது ஹெக்டேருக்கு 10 முதல் 12 டன் வரை உள்ள சராசரி விளைச்சலை இம்முறையால் பன்மடங்காக்க இயலும். ஆனால், கம்பிப் பந்தலுக்கும் சொட்டுநீர்ப் பாசனத்துக்கும் முதலீடு மிகுதி. மேலும், அடர்நடவில் பெரிதும் இடம்பெறும் 'காலா' வகை ஆகஸ்டிலேயே பறிப்புக்கு வருகிறது. மலைச்சாலைகள் சரியும் மழைக்காலமும் அதுவே. ஆகவே, கிடங்கும் போக்குவரத்தும் உடன் வளராவிடில், கூடுதல் விளைச்சல் கூடுதல் இழப்பாகவே முடியக்கூடும்.

பருவநிலையும் இறக்குமதியும்

'டெலிசியஸ்' வகைகள் நன்கு பூக்க, 7 பாகை செல்சியசுக்குக் குறைந்த குளிர் ஏறத்தாழ 1,000 மணி நேரத்துக்கு மேல் தேவை. பனிப்பொழிவு குறைந்துவருவதால் இமாசலப் பிரதேசத்தின் தாழ்ந்த பகுதிகளில் விவசாயிகள் மாதுளை, காய்கறி ஆகியவற்றுக்கு மாறியுள்ளனர். ஆப்பிள் கின்னௌர், லாஹௌல்-ஸ்பிதி போன்ற உயர்ந்த பகுதிகளை நோக்கி ஏறுகிறது. தொடர் மழையால் சொறிநோயும் பருவத்துக்கு முந்தைய இலையுதிர்வும் பரவுகின்றன.

இறக்குமதிப் பழங்களின் போட்டியும் வலுத்து வருகிறது. அடக்கவிலை கிலோ 50 ரூபாய்க்கு மேற்படாத ஆப்பிளின் இறக்குமதிக்கு, பூட்டான் நீங்கலாக, 2023 மே மாதத்தில் தடை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க ஆப்பிள் மீதான 20 விழுக்காடு கூடுதல் வரி நீக்கப்பட்டு, 50 விழுக்காடு அடிப்படை வரி மட்டும் நீடித்தது. 2025 டிசம்பரில் நியூசிலாந்துடன் முடிவான வர்த்தக உடன்பாட்டில், குறிப்பிட்ட அளவு ஆப்பிளுக்குக் குறைந்தபட்ச விலை நிபந்தனையுடன் வரியை 25 விழுக்காடாகக் குறைக்க இசைவு தெரிவிக்கப்பட்டது. வரிச்சுவரை மட்டுமே நம்பியிருக்கும் காலம் கடந்து வருகிறது என்பதை இது காட்டுகிறது.

நமது ஆப்பிள் சாகுபடியின் எதிர்காலம் மரத்தின் விளைச்சலோடு முடிந்துவிடுவதில்லை. மழையைத் தாங்கும் சாலை, அறுவடைக் காலத்தில் போதிய ரயில் பெட்டிகள், சிறு விவசாயிக்கும் எட்டும் கிடங்கு, நியாயமான வட்டியில் நிறுவனக் கடன் ஆகிய நான்கும் ஒருங்கே அமைய வேண்டும். அவை அமையுமாயின், ஓராண்டு உழைப்பின் பயன் மலைச்சரிவொன்றினால் வீணாகும் நிலை மாறும்.