கரடி வழியும் கார் வழியும்

ஒரு கேள்வி கேட்கிறேன். மனத்தில் பட்டதைச் சட்டென்று சொல்ல வேண்டும். ஒரு பக்கம் வழவழவென்று தார் ரோடு. ஆனால் லாரிகளும் கார்களும் தோளை உரசிக்கொண்டு பறக்கும். இன்னொரு பக்கம் சரளைக் கல்லும் மண்ணுமாகக் கிடக்கும் மலைப் பாதை. மோட்டார் வண்டி அபூர்வம். ஆனால் கரடி உண்டு. உங்கள் பெண் சைக்கிளில் பிரயாணம் போகிறேன் என்று கிளம்பினால் எந்த வழியாகப் போகச் சொல்வீர்கள்?

"எந்த வழியும் வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும்!" என்று பாதிப் பேர் சொல்வது காதில் விழுகிறது. இருக்கட்டும். வட அமெரிக்காவில் வருஷா வருஷம் ஆண்களும் பெண்களுமாகப் பலர் கரடி வழியையே விரும்பித் தேர்ந்தெடுத்துப் போய்வருகிறார்கள். அந்த வழியின் கதையைக் கேட்டுவிட்டுப் பிறகு பதில் சொல்லுங்கள்.

கானடா தேசத்தில் பான்ஃப் என்ற அழகான மலை நகரம் இருக்கிறது. அங்கே சைக்கிள் ஏறி, ராக்கி மலைத் தொடரின் முதுகோடு தெற்கே வந்துகொண்டேயிருந்தால், மான்ட்டானா, ஐடஹோ, வையோமிங், கொலராடோ, நியூ மெக்ஸிகோ ஆகிய மாகாணங்களைக் கடந்து மெக்ஸிகோ எல்லையில் போய் நிற்கலாம். தூரம் சுமார் 2,700 மைல். 'கிரேட் டிவைடு' என்று பெயர். பெரும் பகுதி தார் காணாத பாதை. வழியிலுள்ள ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் ஏறக்குறைய 2 லட்சம் அடி வரும் என்கிறார்கள். அதாவது டென்ஸிங் ஏறிய எவரெஸ்ட் சிகரத்தைக் கடல் மட்டத்திலிருந்து ஏழு தடவை ஏறுவதற்குச் சமானம்!

'டிவைடு' என்றால் நீர் பிரியும் வரம்பு. அந்த மலை முதுகில் விழும் மழைத் துளி மேற்கே உருண்டால் பஸிபிக் மகா சமுத்திரத்துக்குப் போகும். கிழக்கே உருண்டால் அட்லாண்டிக் பக்கம் போகும். மான்ட்டானாவில் ஒரு சிகரம் இன்னும் விசித்திரம். அதன் மூன்றாவது சரிவில் விழுகிற தண்ணீர் வடக்கே ஹட்ஸன் விரிகுடாவுக்குப் போய்ச் சேருகிறது. வையோமிங்கில் இந்த வரம்பே இரண்டாகப் பிளந்து நடுவில் ஒரு பெரிய வறண்ட பள்ளத்தாக்கைச் சுற்றிக்கொள்கிறது. அதற்குள் விழுந்த மழை பிறந்த வீட்டுக்கும் போகாது, புகுந்த வீட்டுக்கும் போகாது, அங்கேயே சுண்டிப்போகும். அந்தப் பொட்டல் வழியாகவும் சைக்கிள்காரர்கள் போயாக வேண்டும். நிழல் கிடையாது. குடிதண்ணீரைச் சுமந்துகொண்டே மிதிக்க வேண்டியதுதான். துணைக்குக் காட்டுக் குதிரைகள் வேண்டுமானால் தென்படும்.

இவ்வளவு நீளப் பாதையை யார் போட்டார்கள் என்று கேட்டால், யாருமே போடவில்லை! இதற்கென்று ஒரு கூடைச் சரளைக்கல்கூடக் கொட்டவில்லை. மரம் வெட்டப் போட்ட காட்டிலாகா ரோடு, சுரங்கத்துக்குப் போன வண்டித்தடம், தண்டவாளம் பெயர்த்தெடுத்த பழைய ரெயில் பாதை எல்லாம் மலைகளில் ஏற்கனவே சிதறிக் கிடந்தன. அவற்றைப் பூத் தொடுப்பது போல ஒன்றோடொன்று கோத்துப் படம் போட்டுக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். கொலராடோவில் போரியஸ் கணவாயை 11,481 அடி உயரத்தில் கடக்கிற இடம் இதற்கு நல்ல உதாரணம். அங்கே ஒரு காலத்தில் சிறிய ரெயில் ஓடியது. நீராவி எஞ்சினுக்குச் செங்குத்தாக ஏற முடியாதல்லவா? அதனால் மலையைச் சுற்றிச் சுற்றி மெதுவான சரிவாக வெட்டினார்கள். அந்த எஞ்சினுக்குக் காட்டிய இரக்கம் இன்று சைக்கிள் மிதிக்கிறவர்களுடைய முழங்காலுக்குப் பலன் தருகிறது.

கோத்துக் கொடுத்தது ஒரு சங்கம். அதன் கதை இரண்டு இளம் தம்பதிகளிடம் ஆரம்பிக்கிறது. டான், லிஸ் பர்டன் ஒரு ஜோடி. கிரெக், ஜூன் ஸைபிள் இன்னொரு ஜோடி. 1972-ல் நால்வரும் அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் கடைக்கோடி வரை சைக்கிளிலேயே போவதென்று கிளம்பினார்கள். பாதி வழியில் டானுக்குக் காமாலை கண்டு ஒரு ஜோடி திரும்ப நேர்ந்தது. ஸைபிள் தம்பதிகள் போய்ச் சேர்ந்தேவிட்டார்கள். இடையே பிறந்த யோசனைதான், அமெரிக்கா சுதந்திரம் பெற்று 200 வருஷம் ஆன 1976-ல் தேசத்தைக் குறுக்கே கடந்த பிரம்மாண்டமான சைக்கிள் யாத்திரை. சுமார் 4,000 பேர் கலந்துகொண்டார்கள். அதை நடத்திய சங்கம் பிற்பாடு 'அட்வென்சர் சைக்ளிங்' என்று பெயர் மாற்றிக்கொண்டு, 1990-களின் கடைசியில் இந்த மலைப் பாதையின் படங்களை அச்சிட்டு வெளியிட்டது. தலைமை ஆபீஸ் மான்ட்டானாவில் மிசூலா என்ற ஊரில்.

மிசூலா என்றதும் இன்னொரு சமாசாரம் சொல்லாமல் இருக்க முடியாது. 1897-ம் வருஷம் ஜூன் 14-ந் தேதி அந்த ஊர்க் கோட்டையிலிருந்து 20 நீக்ரோ சிப்பாய்கள் - கறுப்பினத்தவரை அந்நாளில் அப்படித்தான் அழைத்தார்கள் - சைக்கிளில் புறப்பட்டார்கள். கூட ஒரு வெள்ளைக்கார லெப்டினென்ட், ஒரு டாக்டர், ஒரு பத்திரிகை நிருபர். குதிரை தின்னும், நோய்ப்படும்; சைக்கிள் அப்படியில்லையே, பட்டாளத்துக்கு உதவுமா என்று பரீட்சை பார்க்க ஏற்பாடு. துப்பாக்கி, கூடாரம், சமையல் பாத்திரம் எல்லாம் வண்டியிலேயே. சேறு தாங்காமல் சில இடங்களில் ரெயில் தண்டவாளத்துக் கட்டைகள் மீது தடதடவென்று ஓட்டிப் போனார்கள். நெப்ராஸ்கா மணல் மேடுகளில் உப்பு நீரைக் குடித்துப் பலருக்கு வயிறு கெட்டது. இருந்தும் 1,900 மைலை 41 நாளில் முடித்து ஸெயின்ட் லூயிஸ் நகரம் போய்ச் சேர்ந்தார்கள். பரீட்சையில் தேறியும் சர்க்கார் சைக்கிள் படையை வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த வருஷமே ஸ்பெயினோடு யுத்தம் வந்து, அந்தச் சிப்பாய்களைக் கியூபாவுக்கு அனுப்பிவிட்டார்கள். கப்பி ரோட்டில் சைக்கிள் என்பது இன்று புது நாகரிகமாகப் பேசப்படுகிறது. அதை முதலில் செய்து காட்டியவர்களை நினைப்பவர் குறைவு.

வையோமிங்கில் வழியையொட்டி ஸவுத் பாஸ் ஸிட்டி என்று ஒரு பழைய தங்கச் சுரங்க ஊர் இருக்கிறது. 1869-ம் வருஷம் டிசம்பர் 10-ந் தேதி, அமெரிக்காவில் வேறெங்கும் இல்லாதபடி, வையோமிங் பிரதேசத்தில் பெண்களுக்குப் பூரண வோட்டுரிமை கொடுத்துச் சட்டம் செய்தார்கள். அந்த மசோதாவைக் கொண்டுவந்தவர் இந்த ஊர்க்காரர். 1870-ல் இதே ஊரில் எஸ்தர் மாரிஸ் என்ற மாது நீதிபதியாக உட்கார்ந்து வழக்குகளை விசாரித்துத் தீர்ப்பளித்தார். அந்த நாட்டில் நீதிபதி ஆசனத்தில் அமர்ந்த முதல் பெண்மணி அவர். சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு அந்த ஊரைச் சற்று நேரம் சுற்றிப் பார்க்கலாம்.

ஆனால் லேல் வில்காக்ஸ் அங்கே அதிக நேரம் நின்றிருக்கமாட்டார்! அலாஸ்காவில் ஆங்கரேஜ் நகரத்தில் பிறந்தவர். இந்தப் பாதையில் ஜூன் மாதந்தோறும் ஒரு பந்தயம் நடக்கிறது. பரிசுப் பணம் கிடையாது. பின்னால் உதவிக் கார் வரக்கூடாது. சோறு, தூக்கம், ரிப்பேர் எல்லாம் அவரவர் பொறுப்பு. 2015-ல் இதற்கு வந்த லேல், புறப்படும் இடத்துக்கே சொந்த ஊரிலிருந்து சுமார் 2,100 மைல் சைக்கிள் மிதித்து வந்து சேர்ந்தார்! பந்தயம் ஆரம்பித்த சில நாட்களில் மார்பில் சளி கட்டி மூச்சுத் திணறியது. ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து வாங்கிக்கொண்டு மறுபடியும் ஏறினார். 17 நாளில் முடித்தார். பெண்களில் அதுவரை யாரும் அவ்வளவு விரைவாக வந்ததில்லை. நாமாக இருந்தால் அதோடு சைக்கிளைப் பரணில் போட்டிருப்போம். அவரோ அந்தக் கோடையிலேயே மறுபடியும் பான்ஃப் போய், தன்னந்தனியாக அதே பாதையை 15 நாள் 11 மணியில் முடித்தார்.

அடுத்த வருஷம் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் 4,200 மைல் தார் ரோடுப் பந்தயம். கடைசி இரவு வரை முன்னால் இருந்த ஆண் வீரர் தூக்கக் கலக்கத்தில் எழுந்து, திசை தப்பி வந்த வழியே திரும்ப மிதித்துவிட்டார். எதிரே லேல்! "இருவரும் சேர்ந்தே போய் முடிப்போமே" என்று அவர் சமாதானம் பேசினார். இது பந்தயம் ஐயா என்று சொல்லிவிட்டு லேல் பறந்துவிட்டார்; ஆண், பெண் எல்லாருக்கும் முதலாவதாக வந்தார். 2024-ல் உலகத்தையே 108 நாளில் சுற்றி வந்ததும் இவர்தான். எனக்கு இவற்றையெல்லாம்விடப் பிடித்த செய்தி வேறு. 2017 முதல் ஆங்கரேஜில் பள்ளிச் சிறுமிகளுக்குச் சைக்கிள் பிரயாணம் கற்றுக் கொடுக்கும் திட்டத்தை அவர் தொடங்கி நடத்தினார். பயிற்சி முடிவில் பல நாள் பயணமாக மலைப் பக்கம் அழைத்துப் போவார்கள்.

இனி கரடி சமாசாரம். பாதையின் வட பாதியில் கிரிஸ்லி என்னும் பெரிய பழுப்புக் கரடி நடமாட்டம் உண்டு. வளைவுகளில் உரக்கப் பாடிக்கொண்டோ சத்தம் போட்டுக்கொண்டோ போக வேண்டும்; கரடி திடுக்கிட்டால்தான் ஆபத்து. சாப்பாட்டையும் பற்பசையையும்கூடக் கூடாரத்தில் வைக்காமல் தூரத்து மரக்கிளையில் கட்டித் தொங்கவிட வேண்டும். இடுப்பில் ஒரு பீச்சாங்குழல். உள்ளே இருப்பது நம் அடுக்களை மிளகாயின் காரச் சத்துத்தான்! இவ்வளவு ஜாக்கிரதை இருந்தும், 2021 ஜூலையில் மான்ட்டானாவில் ஓவாண்டோ என்ற சிற்றூரில், கூடாரத்தில் படுத்திருந்த ஒரு சைக்கிள் பயணி - பெண்மணி - நள்ளிரவுக்குப் பின் கரடியால் கொல்லப்பட்டார். ஆகவே கரடி பயம் வெறும் கற்பனை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

மறுபக்கத்தையும் பாருங்கள். 2010-ம் வருஷப் பந்தயத்தில் இறந்தவர், கொலராடோவில் எதிரே வந்த டிரக்கில் மோதி இறந்தார். இங்கிலாந்துக்காரர் மைக் ஹால் 2016-ல் இதே பாதையைப் பதினான்கு நாளுக்குள் முடித்துப் புதிய சாதனை படைத்தார். கரடிக் காடு, பனி, இடி, சேறு எதுவும் அவரை ஒன்றும் செய்யவில்லை. 2017 மார்ச் 31-ந் தேதி ஆஸ்திரேலியாவில், கான்பெரா நகருக்கு அருகே நேரான நெடுஞ்சாலையில், விடிவதற்கு முன் கார் மோதி இறந்துபோனார். தார் ரோட்டை விட்டுப் பல சைக்கிள்காரர்கள் சரளைப் பாதைக்குத் திரும்புவதற்கு இயற்கை அழகு மட்டும் காரணமல்ல என்பது இப்போது புரிந்திருக்கும்.

சரளையில் ஓடுவதற்கென்றே தனி சைக்கிள்கள் வந்திருக்கின்றன. பந்தய சைக்கிள் போலவே வளைந்த கைப்பிடி. ஆனால் டயர் அகலம். காற்றையும் இறுக்கமாக அடிக்காமல் சற்றுத் தளர்த்தியே அடிப்பார்கள். அப்போதுதான் டயர் கல்லைக் கவ்வும், உடம்பும் குலுங்காது. இந்த மலைப் பாதைக்கு இன்னும் தடித்த டயர் போட்ட மலை சைக்கிளே மேல் என்பது அனுபவஸ்தர்கள் வாக்கு. கொலராடோவில் இன்டியானா கணவாய் 11,910 அடி. பாதையிலேயே அதுதான் உச்சி. அங்கே எந்த டயரானாலும் மூச்சு வாங்கும். நியூ மெக்ஸிகோவில் மழை பெய்துவிட்டாலோ டயரே பிரயோசனமில்லை. களிமண் பிசைந்த மாவு போலச் சக்கரத்தில் அப்பிக்கொண்டு சுழலவே விடாது. தள்ளவும் முடியாது. வெயில் வந்து காய்கிற வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பந்தயம் வேண்டாதவர்கள் ஒன்றரை, இரண்டு மாதம் எடுத்துக்கொண்டு நிதானமாகப் போகிறார்கள். அவர்களுக்கு ஓர் ஆறுதல் பை டவுன். மாவுக்குள் பழம் வைத்துச் சுடும் பை என்ற பலகாரத்தால் பெயர் பெற்ற ஊர். பேருக்கேற்பக் கடையும் உண்டு. பல நாள் நிலக்கடலை விழுதையும் உலர்ந்த ரொட்டியையும் தின்று நாக்குச் செத்து வருகிறவர்கள் ஒரே மூச்சில் எத்தனை தின்பார்கள் என்று சொன்னால் கண் படும்.

கடைசி நாற்பது மைலுக்கு மேல் பாலைவனத்தில் ஒரே தார் ரோடு. முடிவில் ஆன்ட்டிலோப் வெல்ஸ். இவ்வளவு தூரம் வந்ததற்கு வாத்திய முழக்கமா, மாலை மரியாதையா? ஒன்றும் கிடையாது. காலை 10 மணிக்குத் திறந்து மாலை 4 மணிக்குப் பூட்டிவிடுகிற எல்லைச் சாவடி ஒன்று இருக்கிறது. ஹோட்டல் இல்லை, பஸ் இல்லை. சைக்கிளை வேலியில் சாய்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டு, நிழல் தேடி உட்கார்ந்து, ஊர் திரும்புவதற்குக் கார் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.