மலைநாட்டுக் கடதாசி – 9: சதுரம் ஒன்று போதும்

பிள்ளைக் காம்பராச் சுவரில் தொங்கும் கடதாசிச் சங்கிலியில் தொடங்கி, போன வாரம் கோதுமை மாப் பசை காய்ச்சுவது வரை வந்திருந்தோம். இந்த வாரம் காமன் கூத்துக் கிரீடம் என்று எழுதியிருந்தேன். கிரீடம் சற்றுப் பொறுக்கட்டும். இடையில் ஒரு பழைய புத்தகம் குறுக்கே வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் ஜிகினாத்தாளுக்குப் போக மனம் வரவில்லை.

புத்தகத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘கடதாசி மடிப்பில் கேத்திரகணிதப் பயிற்சிகள்’. எழுதியவர் தண்டலம் சுந்தர ராவ். சென்னையில் 1893இல் அச்சானது. கடதாசி மடிப்பு என்றால் ஜப்பான், கொக்கு, ஒரிகாமி என்று அடுக்கிக்கொண்டு போகிறோம். ஒரிகாமி என்ற சொல் நம் பக்கம் வந்து சேராத காலத்திலேயே சென்னையில் ஒருவர் உட்கார்ந்து, கடதாசியை மடித்தே கேத்திரகணிதம் சொல்லிக்கொடுக்கலாம் என்று எழுதிவிட்டார்.

அவருக்கு அந்த எண்ணத்தைத் தந்தது சிறுபிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டி ஒன்று. ஜெர்மனியில் ‘கிண்டர்கார்டன்’ என்ற பெயரையே உண்டாக்கிய புரோபல், பாலர் கல்விக்கென்று சில பொருள்களை வகுத்துக் கொடுத்தார். அவர் வழி வந்தவர்கள் அவற்றைப் பெட்டிகளில் போட்டு, ‘பரிசு’ என்று எண் கொடுத்து விற்றார்கள். எட்டாம் எண் பெட்டி கடதாசி மடிப்புக்கானது. பல நிறங்களில் இருநூறு சதுரத் தாள்கள், மடிப்பை அழுத்திவிட ஒரு தகடு, மடிக்கும் முறையைக் காட்டும் படங்கள். சுந்தர ராவ் இதைத்தான் பிடித்துக்கொண்டார். அளவான தடிப்புள்ள எந்தத் தாளும் போதும், ஆனால் நிறத்தாளில் மடிப்புக்கோடு தெளிவாகத் தெரியும், பிள்ளைகளுக்கும் பிடிக்கும் என்று முன்னுரையிலேயே சொல்கிறார். தரம் ஒன்றுக்குக் கற்பிக்கும் நம் டீச்சர்மார் எவரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

அடிமட்டம் இல்லை, கவராயம் இல்லை. சதுரத்தில் தொடங்குகிறார். அடுத்தது சமபக்க முக்கோணம். பிறகு ஐங்கோணம், அறுகோணம், எண்கோணம் என்று ஏறி, பதினைந்து பக்க உருவம் வரை போகிறார். அதற்கும் மேலே பரவளைவு, நீள்வளையம். எல்லாமே மடிப்பு, விரிப்பு, மறுபடி மடிப்பு.

புத்தகம் கடல் தாண்டிய கதை இன்னும் நல்லது. அந்தக் காலத்து ஐரோப்பாவின் பெரிய கணித மேதைகளில் ஒருவர் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பீலிக்ஸ் கிளைன். ஆசிரியர்களுக்காக அவர் ஆற்றிய உரைகள் 1895இல் நூலாக வந்தன. கடதாசியை மடித்தே ஒழுங்கான திண்மங்களைச் செய்யலாம் என்று ஹெர்மன் வீனர் காட்டியதைச் சொல்லிவிட்டு, கிட்டத்தட்ட அதே வேளையில் மதராஸில் சுந்தர ராவ் என்பவர் ஒரு சிறு நூல் வெளியிட்டிருக்கிறார் என்று அதில் குறிப்பிட்டார். இந்த ஒரு குறிப்பைப் பார்த்துத்தான் அமெரிக்கக் கணித ஆசிரியர்களான பீமனும் டேவிட் யூஜின் ஸ்மித்தும் நூலைத் தேடிப் பிடித்தார்கள். அவர்கள் திருத்திய பதிப்பு 1901இல் சிகாகோவில் வந்தது. 1966இல் நியூயோர்க்கின் டோவர் பதிப்பகம் மறுபடி அச்சிட்டது.

சிகாகோ என்றதும் தேயிலைக்காரர்களுக்கு வேறொன்று நினைவு வரும். 1893ஆம் ஆண்டு அங்கே நடந்த உலகக் கண்காட்சியில் இலங்கைத் தேயிலை பத்து இலட்சம் பொட்டலங்கள் விற்றதாகத் தேயிலை வரலாறு எழுதுகிறவர்கள் தவறாமல் சொல்வார்கள். அதே கண்காட்சியை ஒட்டி நடந்த கணித மாநாட்டுக்குக் கிளைனும் போயிருந்தார். நம் மலைகளில் பறித்த கொழுந்து சிகாகோவில் பொட்டலமாக விற்ற அதே ஆண்டில், சென்னையில் இந்தப் புத்தகம் அச்சேறியிருக்கிறது. எட்டு ஆண்டு கழித்து அதுவும் சிகாகோவுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

அப்போது மலையில் நம் ஆட்களின் நிலை என்ன? ரயில் 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்துவிட்டது. கோப்பியைப் பூஞ்சணம் தின்று தீர்த்த மண்ணில் தேயிலை ஏறிக்கொண்டிருந்தது. சென்னை மாகாணத்து ஊர்களிலிருந்து கங்காணிமாரோடு வந்தவர்களின் வாழ்க்கையை ஆட்டிவைத்ததும் ஒரு கடதாசிதான். அதற்குத் ‘துண்டு’ என்று பெயர். கங்காணியும் அவனது ஆட்களும் பட்ட கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் ஆட்களை விடலாம் என்று துரை எழுதிக் கொடுப்பார். அடுத்த தோட்டம் கடனைக் கட்டி, ஆட்களை எடுத்துக்கொள்ளும். 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். அதன் பிறகும் கடதாசி விட்டபாடில்லை. அன்றாடப் பேர் பதியும் செக்ரோல். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் கேட்ட பிறப்புச் சான்றுகள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் லயங்களைச் சுற்றிவந்த விண்ணப்பப் படிவங்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை நாடற்றவர் என்ற பேரைச் சுமந்த குடும்பங்கள் இருந்தன.

இவ்வளவு கடதாசியும் வேறு யாரோ எழுதியது, வேறு யாரோ கையொப்பம் போட்டது. எங்கள் பாட்டன்மார் பெருவிரலை மையில் தொட்டு வைத்ததோடு சரி. ஒன்பது வாரமாக நான் கடதாசி கடதாசி என்று எழுதிக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம். தோட்டத்துப் பிள்ளை ஒன்று ஒரு தாளை எடுத்து, தான் நினைத்த இடத்தில் மடித்து, தான் நினைத்த உருவத்தை வரவழைக்கும்போது, அந்தக் கடதாசி அந்தப் பிள்ளையின் சொல் கேட்கிறது. எங்கள் வீடுகளில் அப்படி நடந்த கடதாசிகள் மிகக் குறைவு. ஆகவே கைவேலைப் பாடத்தை ‘சும்மா வெட்டி ஒட்டுறது’ என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

மஸ்கெலியாப் பக்கத்து ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். வகுப்பில் கத்தரிக்கோல் நாலே நாலுதானாம். பிரிஸ்டல் போர்ட் கொண்டுவரச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் அடுத்த நாள் பள்ளிக்கே வருவதில்லையாம். ஒரு பிள்ளை கேட்டதாம்: “டீச்சர், அடிமட்டம் இல்லாம எப்படிச் சதுரம் வெட்டுறது?”

அந்தப் பிள்ளைக்கான பதில் சுந்தர ராவின் முதல் அத்தியாயத்தில் இருக்கிறது. கிழிந்த தாளானாலும் சரி. எங்காவது ஒரு மடிப்புப் போட்டு நகத்தால் அழுத்துங்கள். அதுவே நேர்கோடு. அந்தக் கோடு தன்மேலேயே படியும்படி இன்னொரு மடிப்பு. இரண்டும் சந்திக்கும் இடம் செங்கோணம். இப்படியே நாலு பக்கமும் மடித்து, ஓரங்களைக் கையால் கிழித்தெடுத்தால் செவ்வகம். அதன் குறுகிய பக்கத்தை நீண்ட பக்கத்தின்மேல் படியவைத்து மடித்து, மிச்சத்தை நீக்கினால் சதுரம். கத்தரிக்கோலும் வேண்டாம், அடிமட்டமும் வேண்டாம். பழைய கலண்டர்த் தாள், முடிந்த அப்பியாசக் கொப்பி எதுவும் போதும். 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்துத் தவணைப் பரீட்சைகளையே தள்ளிவைக்க வேண்டி வந்ததே, அப்போதும் வீட்டில் ஒரு பக்கம் எழுதிய பழைய தாள் கிடந்தது. பிள்ளையிடம் புதுத்தாள் கேட்காத கைவேலையே தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு நியாயமான கைவேலை.

சதுரம் கிடைத்துவிட்டதா? இனி சமபக்க முக்கோணம். இடது ஓரத்தை வலது ஓரத்தோடு சேர்த்து மடித்து விரியுங்கள். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழும். இப்போது கீழ் இடது மூலையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழ் வலது மூலையை அந்த நடுக்கோட்டின்மேல் படும்வரை தூக்குங்கள். பட்ட இடத்தில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியும் கீழ் மூலைகள் இரண்டும் சேர்ந்தால் மூன்று பக்கமும் சமம். நடுக்கோட்டில் இருக்கும் எந்தப் புள்ளியும் இரு மூலைக்கும் சம தூரம். தூக்கிய பக்கத்தின் நீளமோ மாறவில்லை. நிறுவல் அவ்வளவுதான். ஒன்பதாம் தரத்தில் கரும்பலகையில் படித்து மறந்ததை மூன்றாம் தரத்துப் பிள்ளை கையால் அறிந்துகொள்கிறது.

சதுரமும் முக்கோணமும் தெரிந்த பிள்ளைக்கு வெசாக் கூடு தெரிந்த மாதிரி. மூங்கில் சிம்பாலோ விளக்குமாற்று ஈர்க்காலோ ஒரே அளவில் ஆறு சதுரச் சட்டம் கட்டி, மூலைக்கு மூலை இணைத்துப் பாருங்கள். குச்சிகள் இருபத்துநாலு, முடிச்சுப் போடும் மூலைகள் பன்னிரண்டு. யாரும் திட்டமிடாமலே சட்டங்களுக்கு இடையில் எட்டு முக்கோணங்கள் தாமாக அமையும். அந்த எட்டும் நீங்கள் கடதாசியில் மடித்தெடுத்த அதே சமபக்க முக்கோணம். அளந்து வெட்டத் தேவையில்லை. மடித்து எடுத்த ஒன்றை அச்சாக வைத்து மற்ற ஏழையும் கிழித்துக்கொள்ளலாம். மேமாதப் போயாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டுப் போட்டி வைக்கிற ஆசிரியர்கள், வெட்டிவைத்த கூட்டுப் பொதியைக் கடையில் வாங்கிவரச் சொல்லவேண்டாம். கூடு அழகாகத் தொங்கும், பிள்ளைக்கு அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது.

போன வாரப் பசைக் கட்டுரைக்கு வந்த கடிதங்களில் பாதி, மிச்சமிருந்த ஒரே கேள்வியைக் கேட்டன. நுவரெலியாக் குளிரில் டிசு பேப்பர் தொய்ந்துபோகிறதே, என்ன செய்வது? கடதாசி நார் ஈரத்தை உறிஞ்சினால் குறுக்குவாட்டில் பருக்கும். தாள் அகன்று தொய்யும். காய்ந்தால் மறுபடி ஒடுங்கும். இந்தக் குணத்தையே உதவிக்கு அழைக்கலாம். ஓரங்கள் நன்றாக ஒட்டிக் காய்ந்த பிறகு, தாளின்மேல் பனி படர்ந்தாற்போல் லேசாகத் தண்ணீர் தெளித்து, அடுப்படிச் சூட்டில் எட்டவைத்துக் காயவிடுங்கள். தாள் இழுபட்டு விறைத்து நிற்கும். சாயம் ஓடுகிற கடதாசியா என்று மட்டும் ஒரு மூலையில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கிரேப் பேப்பருக்கு இது ஆகவே ஆகாது.

நத்தாருக்கு நட்சத்திரம் செய்கிறவர்களுக்கும் ஒன்று உண்டு. ஐங்கோணத்துக்குச் சுந்தர ராவ் சொல்லும் வழி பெரிய பிள்ளைகளுக்கானது. சிறுசுகளுக்கு இதைவிடச் சுலபமான பழைய வழி இருக்கிறது. ஒரே அகலமுள்ள நீளமான கடதாசிக் கீற்றை எடுத்து, கயிற்றில் போடுவது போல ஒரு சாதாரண முடிச்சுப் போடுங்கள். கசங்காமல் மெதுவாக இறுக்கி, தட்டையாக அழுத்துங்கள். முடிச்சே ஒழுங்கான ஐங்கோணமாக இருக்கும். ஒரு வாலை முடிச்சின்மேல் மடக்கிவிட்டு விளக்கு வெளிச்சத்தில் பிடித்தால், உள்ளே ஐந்து முனை நட்சத்திரம் கோடு கோடாகத் தெரியும். கொட்டகலையிலோ டயகமவிலோ மின்சாரம் போன ராத்திரியில் டோர்ச் வெளிச்சத்தில் இதைக் காட்டுங்கள், பிள்ளைகள் உங்களைத் தூங்கவிடமாட்டார்கள்.

இன்னும் ஒரே ஒரு செய்தி. அதற்கு மேல் இடமில்லை. கவராயமும் அளவுக்குறி இல்லாத அடிமட்டமும் மட்டும் வைத்துக்கொண்டு 60 பாகைக் கோணத்தை மூன்று சம பங்காக்க முடியாது என்று 1837இல் பிரெஞ்சுக் கணிதர் வான்ட்செல் நிறுவினார். கடதாசி மடிப்பால் அது முடியும். மடிப்புக்கு அந்த வலு உண்டு என்று 1936இல் காட்டியவர் இத்தாலியக் கணித அறிஞர் மார்கரிட்டா பெலொக் என்ற பெண்மணி. கணிதப் பெட்டி வாங்கப் பணமில்லாத பிள்ளையின் கையில் இருக்கும் தாள், அந்தப் பெட்டியில் இருப்பதைவிட வலுவான கருவி. சித்திர ஆசிரியரும் கணித ஆசிரியரும் ஒரு பாடவேளையாவது சேர்ந்து வகுப்பெடுத்தால் இது எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்கும். மாகாணக் கல்வித் திணைக்களத்தின் சுற்றறிக்கை எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அதிபர் தலையசைத்தால் போதும்.

அடுத்த வாரம் காமன் கூத்து. மன்மதனுக்கும் ரதிக்கும் கிரீடம் கட்டுகிறவர்களின் கைவேலையைப் பற்றி எழுதப்போகிறேன். அதற்கு உங்கள் உதவி வேண்டும். தேயிலையைக் கடதாசிப் பைகளில் அனுப்பத் தொடங்குவதற்கு முன், பலகைப் பெட்டிகளில் அடைத்த காலத்தில், உட்புறம் பளபளக்கும் உலோகத்தாள் போட்டிருப்பார்கள். முதலில் ஈயம், பிறகு அலுமினியம். அந்தத் தாளை எடுத்துக் கிரீடத்துக்கோ தேர் அலங்காரத்துக்கோ ஒட்டிய நினைவு உங்கள் வீட்டுப் பெரியவர்களில் யாருக்காவது இருக்கிறதா? ஸ்டோரில் வேலை செய்த தாத்தாமார், அப்பாயிமாரைக் கேட்டு, எந்தத் தோட்டம், எந்தக் காலம் என்று குறித்து இந்த வாரத்துக்குள் எழுதியனுப்புங்கள்.