"ஓடுற தொட்டி" வாங்கப் போறீங்களா? முதலில் கல்லைப் பாருங்க!
வீட்டுக்குள் கடல் வளர்க்கும் அம்பத்தூர்வாசிகளுக்கு ஜெயில் ஆபத்து

சென்னை,

"ஓடிக்கிட்டிருக்கிற தொட்டி சார்! அப்படியே தூக்கிட்டுப் போய் வைக்க வேண்டியதுதான்!"

மாற்றலாகிப் போகிறவர்கள் உப்புத்தண்ணீர் மீன் தொட்டியை விற்கும்போது இப்படித்தான் சொல்வார்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் வீட்டுக்குள் கடல் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் மயங்கி விடுவார்கள். புதிதாக ஆரம்பித்தால் மீன் விடவே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டுமே!

பக்கத்திலேயே கொளத்தூர். தெருவுக்குத் தெரு வண்ண மீன் கடை. ஆனால் அங்கே பெரும்பாலும் நல்ல தண்ணீர் மீன்தான். கடல் மீன் விவகாரம் வேறு.

உயிர் கல்லில்!

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா கொடிய விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதி இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுவது கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். அவை பெரும்பாலும் குடியிருப்பது கல்லிலும் மணலிலும்தான். ஆகவே நீங்கள் காசு கொடுத்து வாங்குவது கண்ணாடியை அல்ல, கல்லை!

சிக்கலும் அதே கல்லில்தான்.

கடலில் பாறை கட்டும் பவளங்கள் 2001-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு! பிடிப்பது மட்டுமல்ல, வாங்குவது, விற்பது, வைத்திருப்பதும் குற்றம். 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறை, அபராதம் வேறு. "நான் பிடிக்கலை சார், பழைய ஓனர் கொடுத்தது" என்றால் கோர்ட்டில் எடுபடாது. செத்த பவளக் கல்லும் தப்பாது. கடல் குதிரையும் அப்படியே.

மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியே தீர்த்தார்கள். 1986-ல் 21 தீவுகளைச் சேர்த்துத் தேசியப் பூங்கா ஆக்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

செயற்கைக் கல், மீன் மட்டும் உள்ள தொட்டி என்றால் பயம் இல்லை. கோமாளி மீனை மண்டபம் ஆராய்ச்சி நிலையத்திலேயே குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள்.

தூக்கி வருவது எப்படி?

கல்லை அதே தொட்டித் தண்ணீரில் மூழ்க வைத்து, மூடி போட்ட டப்பில் கொண்டு வர வேண்டும். பூந்தமல்லி நெடுஞ்சாலை நெரிசலில் மினி லாரி மாட்டினால்? மீன் வாளிக்கு பாட்டரி காற்று பம்பு அவசியம். வந்ததும் "அழுக்கா இருக்கே" என்று குழாயில் கல்லைத் தேய்த்தால் குளோரினில் பாக்டீரியா காலி! அடி மணலைக் கிளறினால் அழுகின முட்டை நாற்றம் வரும். அந்த வாயு மீனைக் கொல்லும். மணல் புதிதாகவே போடலாம்.

4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரத் தொட்டியில் 340 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 350 கிலோ! மாடி வீட்டுக்காரர்கள் யோசிக்கவும்.

லிட்டருக்கு 35 கிராம் உப்பு கணக்கு. வெயிலில் வற்றுவது தண்ணீர்தான், உப்பு வற்றாது. குறைந்த அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் போதும். மறுபடி உப்புத்தண்ணீர் ஊற்றி மீனைக் கருவாடு ஆக்குகிறவர்களும் உண்டு. மெரினாவில் குடம் பிடித்து வருவதோ வேண்டவே வேண்டாம். கூவம் கலக்கும் இடம் அது!

முதல் 2 வாரம் தினமும் அம்மோனியா சோதனை. புது மீன் ஒரு மாதம் கழித்து.

கரண்டு போனால்...

பம்பு நின்றால் சில மணி நேரத்தில் மீன் மூச்சுத் திணறும். 2023 டிசம்பர் மிச்சாங் புயலில் பல பகுதிகளில் நாள் கணக்கில் கரண்டு இல்லை. விலை பேசும்போது, "இன்வெர்ட்டரும் சேர்த்துத்தானே?" என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.